வன்னி நகரங்களுக்கான நுண்காலநிலை மாதிரி: நிலைக்குத்து நெய்யரி அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் நகரங்களின் வெக்கையைக் கணினியில் கணித்துப் பார்க்க முனைபவர்களுக்கான பக்கம் இது. அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் இறுதியாண்டு ஆய்வு செய்யும் பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். நகரத் திட்டமிடலில் இருப்பவர்களுக்கும் பயன்படும்.

கட்டடமும் மரமும் எங்கே நிற்கின்றன என்பதைச் செய்மதிப் படத்தைப் பார்த்துப் பொறுமையாகக் குறித்துவிடுகிறார்கள். உயரத்தை எப்படிப் பகுப்பது என்று வந்ததும் எங்கோ உயர்ந்த மாடிக் கட்டடங்கள் உள்ள நகரத்துக்குச் செய்த அமைப்பை எடுத்து அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். எங்கள் ஊர்கள் தாழ்ந்த கட்டடங்களின் ஊர்கள். மனிதர் நடமாடும் முதல் மூன்று மீற்றர்தான் இங்கே முக்கியம், அதற்கு அடுத்தது பனையின் தலை. கட்டடங்கள் இவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ முடிந்துவிடுகின்றன. கீழே வரும் பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. உதாரணங்கள், தெரு அளவில் வெப்பத்தையும் காற்றையும் கணிக்கும் என்வி-மெற் என்ற மென்பொருளுக்கானவை. மற்றவற்றுக்குக் கடைசிப் பக்கமாக ஒரு கேள்வி இருக்கிறது.

நெய்யரி என்றால் என்ன?

கிரிட் என்று எல்லாரும் சொல்வதுதான். நிலத்தையும் அதன் மேலுள்ள காற்றையும் சிறுசிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பநிலை, ஓர் ஈரப்பதன், ஒரு காற்றுவேகம் என்று கணிக்கிறோம். அந்தப் பெட்டிதான் கலம். ஒரு கலத்துக்குள் எல்லா இடமும் ஒரே மாதிரி என்பது எடுகோள். 1998இல் ஜேர்மனியில் மைக்கேல் புரூசவும் ஹெரிபேர்ட் ஃபிளீரும் என்வி-மெற்றை அறிமுகம் செய்த காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை.

கிடையாக எல்லாக் கலமும் ஒரே அளவு. நிலைக்குத்தில் மட்டும் ஏன் இவ்வளவு யோசனை?

காற்று கிடையாக மாறுவதைவிட நிலைக்குத்தாக வேகமாக மாறுகிறது. அதுவும் நிலத்துக்குப் பக்கத்தில் மிக வேகமாக. கணக்குப் போட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் 10 மீற்றர் உயரத்தில் காற்று செக்கனுக்கு 3 மீற்றர், நிலத்தின் கரடுமுரட்டு நீளம் (நிலம் காற்றை எவ்வளவு மறிக்கிறது என்பதன் அளவு) 0.1 மீற்றர் என்று வைப்போம். காற்றுவேகம் உயரத்தின் மடக்கையோடு கூடும் என்ற மடக்கை விதிப்படி 0.3 மீற்றர் உயரத்தில் வேகம் ஏறத்தாழ 0.7. மனிதரின் நெஞ்சு மட்டமான 1.5 மீற்றரில் 1.8. 2.7 மீற்றரில் 2.1. அதாவது முதல் மூன்று மீற்றருக்குள்ளேயே வேகம் மூன்று மடங்காகிறது.

இனி மேலே போங்கள். 17 மீற்றரில் 3.35, 20 மீற்றரில் 3.45. அதே மூன்று மீற்றர்தான், வித்தியாசம் 0.1. மேலே ஐந்து மீற்றர் உயரக் கலம் போட்டாலும் இழப்பு சொற்பம். கீழே ஒரேயொரு மூன்று மீற்றர்க் கலம் போட்டால் 0.7உம் 2.1உம் ஒரே எண்ணுக்குள் அமுங்கிப்போகும்.

வெப்பநிலையும் இப்படித்தான். பங்குனி நடுப்பகலில் தார் வீதிக்கு ஒரு சாண் மேலே இருக்கிற காற்றும் தலைமட்டக் காற்றும் ஒன்றல்ல. செருப்பில்லாமல் கண்டி வீதியைக் கடந்த எவருக்கும் இதற்குச் சமன்பாடு தேவையில்லை.

எங்கள் பகுதியில் இரண்டு மாடிக்கு மேல் கட்டடமே இல்லை. மாதிரியின் மொத்த உயரம் எவ்வளவு வைக்கவேண்டும்?

என்வி-மெற்றில் பொதுவான விதி, மிக உயர்ந்த கட்டடத்தின் இரண்டு மடங்கு. எப்படியும் 30 மீற்றருக்குக் குறையக்கூடாது. இரண்டு மாடிக் கட்டடம் 7 மீற்றர் என்றால் இரண்டு மடங்கு 14. ஆகவே 30 போதும் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள்.

அந்த விதி கட்டடத்தை மட்டும் பார்க்கிறது. வன்னியில் மிக உயர்ந்த பொருள் பெரும்பாலும் கட்டடம் அல்ல. ஒரு வளவில் நாலு பனை நின்றால் அவற்றின் தலை 20 மீற்றரில் இருக்கும். குளத்தடியில் முதிர்ந்த மருது அதற்குக் கிட்ட வரும். 30 மீற்றரில் மூடிய மாதிரியில் பனைத் தலைக்கு மேலே 10 மீற்றர்தான் மிச்சம். மேல் எல்லை என்பது மாதிரி தானாகக் கணிக்கும் காற்றும் நாங்கள் மேலிருந்து திணிக்கும் காற்றும் சந்திக்கும் இடம். காற்றைத் தடுக்கும் எதுவும் அதற்குக் கிட்ட நிற்கக்கூடாது.

பங்குனி, சித்திரையில் காற்று மெலிந்து கிடக்கும் நாள்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது. சூடான காற்று பக்கவாட்டில் போக வழியில்லாமல் மேலே எழும்பும். அதற்கு இடம் வேண்டும். பனை நிற்கும் பகுதிக்கு 50 மீற்றர் வையுங்கள் என்பதே என் ஆலோசனை. பனையே இல்லாத, ஒற்றை மாடிக் கடைத்தெரு மட்டும் என்றால் 30, 35 தாங்கும்.

நகரின் நீர்த்தாங்கிக் கோபுரம், தொலைத்தொடர்புக் கோபுரம் ஆகியவற்றையும் உயரக் கணக்கில் சேர்ப்பதா என்று சிலர் கேட்கிறார்கள். கம்பிக்கூட்டுக் கோபுரத்தை விட்டுவிடலாம், காற்று அதற்குள்ளால் போகிறது. கொங்கிறீற் நீர்த்தாங்கி ஆய்வுப் பகுதிக்குள் நின்றால் கட்டடமாகவே எடுங்கள். அப்போது இரண்டு மடங்கு விதி உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கும். தாங்கி வேண்டாம் என்றால் ஆய்வுப் பகுதியை நாலு வளவு தள்ளி வையுங்கள். அது மலிவான தீர்வு.

கலத்தின் உயரம் 1 மீற்றரா, 2 மீற்றரா, 3 மீற்றரா?

முதலில் கூரைகளைப் பாருங்கள். மாதிரியில் கட்டடம் கலக்கணக்கில்தான் நிற்கும், அரைக் கலம் கிடையாது. வீட்டுத்திட்ட வீடொன்றின் சுவர் 3 மீற்றர், முகடு 4.5 மீற்றர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 3 மீற்றர்க் கலம் போட்டால் அந்த வீடு 3 அல்லது 6 மீற்றர் உயரமாகும். முதலாவதில் கூரையின் சாய்வு காணாமற்போகிறது. இரண்டாவதில் ஒற்றை மாடி வீடு இரட்டை மாடியாகி நிழலும் இரட்டிப்பாகிறது. 2 மீற்றர்க் கலத்தில் 4 மீற்றர் வரும், சுவருக்கும் முகட்டுக்கும் நடுவில் நியாயமான இடம். 1 மீற்றரில் 4 என்றோ 5 என்றோ நீங்களே தெரிவுசெய்யலாம்.

உயர்ந்த நகரங்களில் 30 மீற்றர்க் கட்டடத்தில் ஒரு மீற்றர் பிசகினால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். இங்கே ஒரு மீற்றர் என்பது வீட்டின் நாலிலொரு பங்கு. அவர்களுடைய 3 மீற்றரைக் கடன் வாங்கக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஒரு தெருவையோ சந்தையையோ முழுதாகப் பார்ப்பவர்களுக்கு 2 மீற்றர். ஒரு வீடு, அதன் முற்றம், விறாந்தை என்று கிட்ட நின்று பார்ப்பவர்களுக்கு 1 மீற்றர். 3 மீற்றரை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடிக்கலத்தை ஐந்தாகப் பிரிக்கும் வசதி இருக்கிறதே, அதைப் போடலாமா?

சமதரையில் கட்டாயம் போடுங்கள். மிக அடியிலுள்ள கலத்தை மட்டும் மென்பொருள் ஐந்து சம துண்டுகளாக்கும். 2 மீற்றர்க் கலம் என்றால் துண்டொன்று 0.4 மீற்றர். அவற்றின் நடுப்புள்ளிகள் 0.2, 0.6, 1.0, 1.4, 1.8 மீற்றர். மனித வெப்பச் சௌகரியத்தைப் பார்க்கத் தேவையான நெஞ்சு மட்டம் 1.4இல் கையோடு கிடைத்துவிடுகிறது. பிரிக்காவிட்டால் முதற் கலத்தின் நடு 1.0, அடுத்தது 3.0. இரண்டுமே உங்களுக்கு வேண்டிய உயரம் அல்ல.

யப்பானியக் கட்டடக்கலை நிறுவகத்தின் காற்றோட்ட வழிகாட்டி, பாதசாரி மட்டத்தை மதிப்பிடும் உயரம் நிலத்திலிருந்து மூன்றாவது கலத்திலாவது இருக்கவேண்டும் என்கிறது. முதற் கலம் நிலத்தின் உராய்வால் நேரடியாக இழுபடும் கலம், அதன் எண்ணை அப்படியே நம்பமுடியாது. பிரித்த 2 மீற்றர் அமைப்பில் 1.4 மீற்றர் நாலாவது கலத்தில் விழுகிறது. பிரிக்காத 1 மீற்றர் அமைப்பில் 1.5 மீற்றர் இரண்டாவதில்தான் விழும். ஆகவே 1 மீற்றர் போட்டாலும் பிரிப்பை நிறுத்தவேண்டாம்.

ரெலஸ்கோப்பிங்கை எங்கே தொடங்குவது? எத்தனை வீதம்?

ரெலஸ்கோப்பிங் என்பது ஓர் உயரத்துக்கு மேலே ஒவ்வொரு கலத்தையும் அதற்குக் கீழுள்ளதைவிடக் குறித்த வீதத்தால் பெருக்கிக்கொண்டு போவது. கல எண்ணிக்கை குறையும், கணினியில் மாதிரியின் ஓட்டம் வேகமாக முடியும்.

பிழையான தொடக்கம் எப்படி இருக்கும் என்று முதலில் காட்டுகிறேன். 2 மீற்றர்க் கலம், 4 மீற்றருக்கு மேலே 20 வீதம் என்று கொடுத்தால் கல விளிம்புகள் 4, 6.4, 9.3, 12.7, 16.9, 21.9 என்று போகும். 7 மீற்றர்க் கடைக் கட்டடத்தின் கூரைக்கு 6.4க்கும் 9.3க்கும் இடையில் நிற்க இடமில்லை. பனையின் மூன்று மீற்றர்த் தலை, ஐந்து மீற்றர் உயரமுள்ள ஒற்றைக் கலத்துக்குள் கரைந்துபோகும். மாதிரி பிழைச்செய்தி எதுவும் தராமல் ஓடி முடியும், அழகான நிறப்படமும் வரும். அதுதான் ஆபத்து.

சரியான தொடக்கம், நீங்கள் வைத்த எல்லாவற்றுக்கும் மேலே. பனை 20 மீற்றர் என்றால் 22 மீற்றரில். அங்குவரை 11 கலம். பின் 15 வீதப்படி 2.3, 2.6, 3.0, 3.5, 4.0, 4.6, 5.3, 6.1 என்று எட்டுக் கலங்கள் ஏறக்குறைய 31.6 மீற்றரைத் தரும். மொத்தம் 19 கலத்தில் 53.6 மீற்றர். எல்லாமே 2 மீற்றராக வைத்திருந்தால் 27 கலம் வேண்டும். கிடையாக 100க்கு 100 என்றால் 2,70,000 கலத்துக்குப் பதிலாக 1,90,000.

வீதத்தை 20க்கு மேலே கொண்டுபோகவேண்டாம். அடுத்தடுத்த கலங்களின் அளவு திடீரென்று மாறினால் கணிப்பில் செயற்கையான வழு சேரும். தாழ்ந்த ஊரில் அவ்வளவு வேகமாகப் பெருக்கவேண்டிய தேவையும் இல்லை.

எனக்கு இலவச லைட் பதிப்புத்தான் இருக்கிறது, அண்ணா. அதில் இதெல்லாம் நடக்குமா?

நடக்கும், தம்பி. லைட் பதிப்பின் எல்லை கிடையாக 50க்கு 50, நிலைக்குத்தாக 40 கலம். 2 மீற்றர்க் கலத்துக்கு 100 மீற்றர்ச் சதுரம், உயரத்தில் 80 மீற்றர் வரை. உங்களுக்கு 50 மீற்றர் போதும், அதற்கு 25 கலம். ஆகவே ரெலஸ்கோப்பிங்கை மறந்துவிடுங்கள், எல்லாக் கலமும் ஒரே உயரம், அடியில் மட்டும் பிரிப்பு. அது ஒரு தொல்லையையும் பிழைவிடும் வாய்ப்பையும் குறைக்கிறது. லைட் பதிப்பில் உங்களை நெருக்குவது கிடைப் பரப்புத்தான். நாலு கடை, ஒரு வேம்பு, ஒரு பேருந்துத் தரிப்பிடம் என்று சிறிய கேள்வியாக எடுங்கள். முழு நகரத்தையும் 5 மீற்றர்க் கலத்துக்குள் திணித்தவர்களைவிட நல்ல ஆய்வு வரும்.

பனையை மாதிரியில் எப்படி வைப்பது?

மரத்துக்கு மாதிரி கேட்பது இலைப்பரப்பு அடர்த்தி. ஒவ்வொரு உயரப் பட்டையிலும் ஒரு கன மீற்றர்க் காற்றுக்குள் எத்தனை சதுர மீற்றர் இலை என்ற எண் அது. எளிய வகைத் தாவரங்களுக்கு மரத்தின் உயரத்தைப் பத்துப் பட்டையாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கிறோம். முப்பரிமாண மரம் என்றால் கலம் கலமாகக் கொடுக்கலாம்.

மென்பொருளோடு வரும் பொது மரங்கள் எல்லாம் நடுவில் பருத்த, அகன்ற இலை மரங்கள். அவற்றில் ஒன்றை எடுத்து 20 மீற்றருக்கு நீட்டிவிட்டுப் பனை என்று பெயர் வைத்தால், 5 மீற்றரிலிருந்து 20 மீற்றர் வரை இலை அடர்ந்த ஒரு பூதம் நிற்கும். காற்றை மறிக்கும், இல்லாத நிழலைக் கொட்டும். பனைக்குக் கீழ் எட்டுப் பட்டையும் பூச்சியம், மேல் இரண்டில்தான் இலை. கிடையாகவும் தலையின் அகலம் சில மீற்றர்தான்.

இதில் நிலைக்குத்துப் பிசகு கிடைப் பிசகாக மாறுவதைக் கவனிக்கவேண்டும். சூரியன் 45 பாகையில் நிற்கும்போது 20 மீற்றர்த் தலையின் நிழல் அடியிலிருந்து 20 மீற்றர் தள்ளி விழுகிறது. 30 பாகையில் ஏறத்தாழ 35 மீற்றர். தலையின் உயரத்தில் நீங்கள் மூன்று மீற்றர் பிசகினால், 45 பாகையில் நிழல் மூன்று மீற்றர் தள்ளி விழும். பக்கத்து வளவுக்காரருக்கு நிழல் கிடைத்து உங்கள் பேருந்துத் தரிப்பிடம் வெயிலில் காயும்.

வேம்பும் மாவும் வேறு வகை. இலை மூன்று, நாலு மீற்றரிலேயே தொடங்குகிறது, கீழே ஆள் நிற்க வெறும் காற்று. அந்த வெற்றிடத்தை அடைத்துவிடாதீர்கள். வேம்படியின் சுகமே நிழலோடு காற்றும் புகுவதுதான். கீழிருந்தே இலை போட்டால் மாதிரி அதற்கு நேரெதிரான முடிவைச் சொல்லும்.

விறாந்தை, கடை முன்தாழ்வாரம் போன்றவற்றை எப்படிக் காட்டுவது?

கூரைக்குக் கீழே குறைந்தது ஒரு முழுக் கலமாவது வெறுமையாக இருக்கவேண்டும். தாழ்வாரத்தின் விளிம்பு 2.4 மீற்றர் என்றால் 2 மீற்றர்க் கலத்தில் நிலத்திலிருந்து 2 வரை காற்று, 2 முதல் 4 வரை கூரை. சற்றுத் தாழ்வு, ஆனால் ஏற்கத்தக்கது. 1 மீற்றரில் 2 வரை காற்று, 2 முதல் 3 வரை கூரை. இங்கே கூரைத் தடிப்பும் உண்மைக்குக் கிட்ட வருகிறது. இரண்டரைப் பரிமாண முறையில் கட்டடத்துக்கு மேல் உயரம், கீழ் உயரம் இரண்டும் கொடுக்கலாம். அது போதும்.

தகரக் கூரையா, ஓடா, சீற்றா என்பது நெய்யரியின் வேலை அல்ல, பொருள் அட்டவணையின் வேலை. ஆனால் அதன் விளைவு நெய்யரி வழியாகத்தான் கீழே வருகிறது. சூடான தகரத்தின் கீழ்முகம் விறாந்தையில் இருப்பவர்மீது வெப்பத்தை வீசும். கூரையை ஒரு கலம் உயர்த்திவிட்டால் அந்த வீச்சும் குறைந்து தெரியும்.

குளக்கட்டு, மேடு பள்ளம் இருந்தால்?

முதலில் கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரத்தை அப்படியே கொடுக்காதீர்கள். வவுனியா நகரம் ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதை அப்படியே ஊட்டினால் 2 மீற்றர்க் கலம் ஐம்பது மண்ணுக்குள் புதையும். ஆய்வுப் பகுதியின் மிகத் தாழ்ந்த புள்ளியை எல்லாவற்றிலிருந்தும் கழித்து, அதைப் பூச்சியமாக்குங்கள்.

அடுத்தது, அடிக்கலப் பிரிப்பு பூச்சிய மட்டத்தில் மட்டும்தான் நடக்கிறது. நிலம் 4 மீற்றர் உயர்ந்த இடத்தில் அந்த ஐந்து துண்டும் மண்ணுக்குள் போய்விடும், நிலத்துக்கு மேலே முதற் கலம் முழு 2 மீற்றராக இருக்கும். அப்போது கட்டின்மேல் ஒரு மாதிரி, கட்டடியில் வேறொரு மாதிரிக் கணிப்பு வரும். இரண்டையும் ஒப்பிட்டுக் கட்டின்மேல் சூடு கூட என்று எழுதினால் அது நெய்யரியின் சூடு. மேடுபள்ளம் உள்ள பகுதிக்குப் பிரிப்பை நிறுத்திவிட்டு 1 மீற்றர்ச் சமகலத்துக்குப் போங்கள். கட்டின் சாய்வு படிக்கட்டாகத்தான் தெரியும், 1 மீற்றர்ப் படி என்றால் பொறுக்கலாம்.

வன்னியின் பெரும்பகுதி தட்டையானது. இரணைமடுக் கட்டடியை எடுக்காமல் கிளிநொச்சிக் கடைத்தெருவை எடுத்தால் நில உயரத்தை முழுதாக விட்டுவிடலாம். ஒரு மீற்றருக்கும் குறைந்த ஏற்ற இறக்கத்தைச் செய்மதித் தரவிலிருந்து எடுத்துப் போடுவது வீண் வேலை. அந்தத் தரவின் வழுவே அதைவிடக் கூட.

மண்ணுக்குள்ளும் நெய்யரி உண்டா?

உண்டு. அதன் கலங்களை நீங்கள் அமைப்பதில்லை, தொடக்க நிலையைத்தான் கொடுக்கிறீர்கள்: 0 முதல் 20 சென்ரிமீற்றர், 20 முதல் 50, 50 முதல் 200, அதற்குக் கீழே என்று நாலு பட்டைக்கு வெப்பநிலையும் ஈரமும். ஜேர்மனியின் மண்ணுக்குப் பொருத்தமான எண்களை அப்படியே விட்டால் எங்கள் கோடை நிலத்துக்குக் கீழே ஒரு குளிர்பதனப் பெட்டி இருப்பதுபோல் வெப்பத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெப்பமண்டலத்தில் இரண்டு மீற்றர் ஆழத்து மண் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். ஈரத்தைப் பருவத்தின்படி மாற்றுங்கள். மாரியில் காலபோகம் விதைத்த வயலோரமும், ஆவணியில் வெடித்துக் கிடக்கும் அதே நிலமும் ஒன்றல்ல.

2500 மீற்றரில் ஈரப்பதன் கேட்கிறதே? என் மாதிரி 50 மீற்றர்தானே?

முப்பரிமாண மாதிரிக்கு மேலே, உயரத்தை மட்டும் பார்க்கும் ஒற்றைப் பரிமாண மாதிரி ஒன்று 2500 மீற்றர் வரை ஓடுகிறது. கீழுள்ள மாதிரியின் மேல் எல்லைக்கு நிலைமைகளை ஊட்டுவது அதுதான். பழைய பதிப்புகளில் இயல்பாக இருந்த எண் ஒரு கிலோகிராம் காற்றுக்கு 7 கிராம் நீராவி. எங்கள் மாரிக்கு அது காணாது. அந்த உயரத்தில் அமுக்கம் 750 ஹெக்ரோபஸ்கல், வெப்பநிலை 15 பாகை செல்சியஸ் என்று வைத்தால் நிறைவு நிலை, அதாவது காற்று தாங்கக்கூடிய உச்ச நீராவி, ஏறத்தாழ 14.5 கிராம். ஈரப்பதன் 70 வீதமானாலே 10 கிராம். பலூன் வழி அளந்த தரவு கிடைத்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் இப்படியொரு கணக்கைப் போட்டு, போட்டதைச் சொல்லுங்கள்.

காற்றுத் தரவு எந்த உயரத்துக்கானது?

10 மீற்றருக்கானது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் வவுனியா, மன்னார் நிலையங்களின் தரவு திறந்த வெளியில் எடுக்கப்படுவது. உங்கள் வீட்டு மொட்டைமாடியில் கட்டிய காற்றுமானியின் எண்ணை 10 மீற்றர்க் காற்று என்று கொடுக்காதீர்கள், உயரத்தை மடக்கை விதியால் மாற்றிக் கொடுங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகம் நின்று வீசும், மாதிரியும் நன்றாக நடந்துகொள்ளும். இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட, செக்கனுக்கு ஒரு மீற்றருக்கும் குறைந்த காற்றுள்ள நாள்களில் மாதிரி தடுமாறும். அந்த நாள்களைத்தான் ஆய்வு செய்யவேண்டும் என்றால் மொத்த உயரத்தைக் கூட்டுங்கள், முடிவைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசியுங்கள்.

எந்த நாளை ஓட்டுவது?

கிளிநொச்சி வட அகலக்கோடு 9.4 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில். அப்போது சுவர்களுக்கு நிழலே இல்லை, வெயில் முழுவதும் கூரையிலும் வீதியிலும். கட்டட நிழலை ஆராய்பவர் இந்த நாளை எடுத்தால் நடுப்பகலில் ஒன்றும் காணமாட்டார். மரநிழலை ஆராய்பவருக்கு இதைவிட நல்ல நாள் இல்லை, நிழல் மரத்தடியிலேயே விழும்.

நேர வலயத்துக்கு அடிப்படையான நெடுங்கோட்டை 82.5 பாகை கிழக்கு என்று கொடுங்கள். இதை மறந்தால் சூரியன் பிழையான நேரத்தில் எழும்பும், பிறகு நெய்யரியை எவ்வளவு சரிபார்த்தும் பயனில்லை. ஓட்டத்தைச் சூரியோதயத்துக்கு முன் தொடங்கி, முதற் சில மணித்தியால முடிவுகளைக் கழித்துவிடுங்கள்.

என்வி-மெற் அல்லாமல் பால்ம், ஓப்பின்ஃபோம் பாவிப்பவர்களுக்கு?

ஜேர்மனியின் ஹனோவர்ப் பல்கலைக்கழகத்து பால்ம், பெரும் சுழிகளை நேரடியாகக் கணிக்கும் மாதிரி. பகலில் எழும்பும் வெப்பச் சுழிகள் முழுதாக அடங்க, மேல் எல்லை ஒரு கிலோமீற்றருக்கும் மேலே போகவேண்டும். ஆகவே கலங்களை மேலே நீட்டுவது தவிர்க்கமுடியாதது. அதன் இயல்பான நீட்சிக் காரணி 1.08 (ஒவ்வொரு கலமும் கீழுள்ளதைவிட 8 வீதம் பெரிது), என்வி-மெற்றின் 15, 20 வீதத்தை இங்கே கொண்டுவரவேண்டாம். பெரிதாகும் கலத்துக்கு ஓர் உச்ச எல்லையும் கொடுங்கள்.

ஓப்பின்ஃபோம் போன்ற, காற்றின் ஓட்டத்தைக் கணிக்கும் பாய்ம இயக்கவியல் கருவிகளுக்கு 2007இன் ஐரோப்பிய கொஸ்ற் 732 வழிகாட்டி, மிக உயர்ந்த கட்டடத்தின் கூரைக்கு மேலே அதன் ஐந்து மடங்கு உயரம் விடச் சொல்கிறது. கல வளர்ச்சி 1.3க்குள். 7 மீற்றர்க் கடைக்கு மேலே 35, மொத்தம் 42. பனையை மறக்காதீர்கள் என்பது இங்கும் பொருந்தும்.

ஓட்டம் நடுவில் நின்றுவிடுகிறது. நெய்யரிதான் காரணமா?

இருக்கலாம். உயர்ந்த பொருள் மேல் எல்லைக்கோ பக்க எல்லைக்கோ கிட்ட நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ரெலஸ்கோப்பிங்கை நிறுத்தி ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் நின்றால் காற்றுத் திசையைச் சுவருக்கு நேர் செங்குத்தாக விடாமல் சற்று மாற்றிப் பாருங்கள். மின்தடையும் ஒரு காரணம்தான், அதற்கு நான் மருந்து சொல்லமுடியாது.

என் நெய்யரி சரி என்று எப்படி உறுதிசெய்வது?

இரண்டு சோதனை. கட்டடம், மரம் ஒன்றும் வைக்காத வெறும் நிலத்தை அதே நெய்யரியில் சில மணித்தியாலம் ஓட்டுங்கள். உள்ளே வரும் காற்றின் உயரவாரியான வேகம் மறுகரைக்குப் போகும்வரை பெரிதாக மாறக்கூடாது. மாறினால், கட்டடம் வைக்க முன்பே மாதிரி தன்பாட்டில் ஏதோ செய்கிறது.

மற்றது, கல உயரத்தைப் பாதியாக்கி அதே நாளை மீண்டும் ஓட்டி, 1.4 அல்லது 1.5 மீற்றர் மட்டத்து வெப்பநிலையை ஒப்பிடுங்கள். வித்தியாசம் நீங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் விளைவைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். வேம்பு நட்டால் அரைப் பாகை குறையும் என்று எழுதுகிறீர்கள், ஆனால் கலத்தை மாற்றினாலே அரைப் பாகை அசைகிறது என்றால் வேம்பைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

களத்தில் மானி கட்டுபவர்கள் ஒரு கம்பத்தில் 1.5 மீற்றரிலும் 3 மீற்றரிலும் இரண்டு கட்டுங்கள், வெயில் படாத மறைப்போடு. ஓர் உயரத்தில் மட்டும் ஒத்துப்போவது தற்செயலாகவும் நடக்கும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தையும் மாதிரி பிடித்தால் உங்கள் நிலைக்குத்து நெய்யரிக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆய்வறிக்கையில் நெய்யரி பற்றி எவ்வளவு எழுதவேண்டும்?

அரைப் பக்கம் போதும். கல உயரம், எண்ணிக்கை, அடிக்கலம் பிரித்தீர்களா, நீட்சி எந்த உயரத்தில் எத்தனை வீதம், மொத்த உயரம், மிக உயர்ந்த கட்டடமும் மிக உயர்ந்த மரமும் எத்தனை மீற்றர், முடிவுகளை எந்த உயரத்துக் கலத்திலிருந்து எடுத்தீர்கள், பாதியாக்கிய ஓட்டத்தில் எவ்வளவு மாறியது. கடைசி இரண்டும் இல்லாத அறிக்கைகள்தான் கூட. பரீட்சகர் முதலில் கேட்பதும் அவற்றைத்தான்.